எரித்தால் தீர்ந்ததா? கைப்பற்றிய கஞ்சாவும் வீட்டில் மிஞ்சிய மாத்திரையும்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26-ஆம் தேதியை ஒட்டி நாளிதழ்களில் ஒரு படம் வரும். காவல்துறை அதிகாரிகள் முகக்கவசம் அணிந்து வரிசையாக நிற்பார்கள். எதிரே மூட்டை மூட்டையாகக் கஞ்சா. பின்னால் ஓர் எரியுலை. "இத்தனை டன் போதைப்பொருள் எரித்து அழிப்பு" என்று தலைப்பு இருக்கும். உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாளாக ஐ.நா. சபை 1987-இல் அறிவித்த நாள் அது. பல வருடங்களாக அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவன்தான் நானும்.

சென்ற ஆண்டு என் தாயார் காலமானார். காரியங்கள் முடிந்து அவர் அறையை ஒழித்தபோது இரண்டு பிஸ்கட் டின் நிறைய மருந்து. ரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு, கடைசி மாதங்களில் வலிக்கு என்று மாத்திரை அட்டைகள். பாதி தீர்ந்த சிரப் பாட்டில்கள். குப்பையில் போட்டால் குழந்தைகள் யாராவது எடுத்து வாயில் போட்டுவிடுமோ என்று பயம். பொறுப்பாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்தில் வேப்பஞ்சருகோடு சேர்த்து எல்லாவற்றையும் கொளுத்திவிட்டேன்.

கரும்புகை எழுந்தது. பின்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினார். அவருடைய பேரனுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. அன்று இரவு அவனுக்கு நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது என்று மறுநாள் சொன்னார். சண்டை போடவில்லை. "சார், அப்படி என்ன எரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

வீட்டுக்குள் வந்த பிறகு மனம் வாதாடியது. அரசாங்கமே டன் கணக்கில் எரிக்கிறதே, நான் இரண்டு டின் எரித்தது அவ்வளவு பெரிய தப்பா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் வணிகவியல் படித்தவன், வேதியியல் அல்ல. கணக்கு எழுதுகிறவன் பார்வையில்தான் இதைச் சொல்ல முடியும்.

கடலில் கரைந்த அபின்

முதலில் 1839-ஆம் ஆண்டுக்குப் போவோம். சீனாவின் தென்கரையில், காண்டன் நகருக்கு அருகே ஹூமென் என்ற ஊர். பேரரசர் அனுப்பிய சிறப்பு ஆணையர் லின் ஸெஷு, அங்கிருந்த அயல்நாட்டு வணிகர்களிடமிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டி அபினைக் கைப்பற்றினார். எடை ஆயிரம் டன்னுக்கு மேல். அதில் பெரும்பகுதி நம் நாட்டில் விளைந்தது. கங்கைச் சமவெளியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தில் பயிரிட்டு, பாட்னா, காஜிப்பூர் ஆலைகளில் உருண்டை பிடித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டுக் கப்பலேற்றிய சரக்கு. மாளவப் பகுதியிலிருந்து பம்பாய் வழியாகப் போனதும் உண்டு.

கைப்பற்றியாயிற்று. எப்படி அழிப்பது? எண்ணெய் ஊற்றி எரிப்பது அதுவரை இருந்த வழக்கம். ஆனால் எரித்தால் அபின் உருகி மண்ணில் இறங்கும். பிறகு ஆட்கள் வந்து அந்த மண்ணைத் தோண்டிக் காய்ச்சினால் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிடும். ஆகவே லின் எரிக்கவில்லை. கடலோரம் பெரிய குழிகள் வெட்டி, தண்ணீர் விட்டு, உப்பும் சுண்ணாம்பும் கலந்து, அபின் உருண்டைகளை உடைத்துப் போட்டுக் கரைத்தார். கரைந்ததை ஓதம் வடியும் நேரம் பார்த்துக் கடலில் திறந்துவிட்டார். ஜூன் 3-இல் தொடங்கிய வேலை சுமார் மூன்று வாரம் நடந்தது. அயல்நாட்டவர் சிலரை அழைத்து நேரில் பார்க்கச் செய்தார். தொடங்குவதற்கு முன் கடல் தெய்வத்துக்குப் பூசை செய்து, நீர்வாழ் உயிர்கள் சற்று விலகியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

இதன் பின்விளைவாக வந்த முதல் அபினிப் போர் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பட்டது வேறு. ஒரு பொருளை அழிக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும் அந்த மனிதர் மனத்தில் இருந்திருக்கின்றன. அழித்தது திரும்ப வராதா? அழித்ததற்குச் சாட்சி உண்டா? அழிந்தது எங்கே போகிறது? முதல் இரண்டுக்கும் அவர் வழி கண்டுபிடித்தார். மூன்றாவதற்கு அவரால் பூசைதான் போட முடிந்தது. அந்த மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இரண்டு சட்டம், இரண்டு அறை

நம் நாட்டில் போதைப்பொருளைப் பற்றிய பழைய சட்டங்கள் 1857, 1878 அபின் சட்டங்கள். அவற்றின் கவலை பெரும்பாலும் வருமானம் பற்றியது. பிறகு 1930-இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது.

புகைக்கு வேறு ஓர் அறையில் சட்டம் எழுதப்பட்டது. 1860 இந்திய தண்டனைச் சட்டத்தின் 278-ஆவது பிரிவு, அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்றது. 1860-இல் 500 ரூபாய் பெரிய தொகை. ஆனால் 2024 ஜூலையில் புதிய நியாயச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை அதே 500 ரூபாய்தான். இப்போது ஆயிரம். 164 ஆண்டுகளில் ஒரு மடங்கு ஏற்றம். எந்த வைப்புத்தொகையும் இவ்வளவு மெதுவாக வளர்ந்து நான் பார்த்ததில்லை. கல்கத்தாவின் ஆலைப் புகைக்காக 1905-இலும், பம்பாய்க்காக 1912-இலும் தனிச் சட்டங்கள் வந்தன. அவை உலைகளையும் சிம்னிகளையும் பற்றியவை.

நாடு முழுவதற்குமான காற்றுச் சட்டம் வர 1981 ஆயிற்று. 1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அந்த மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றுவதற்காகவே இந்தச் சட்டம் என்று அதன் முகவுரையே சொல்கிறது. 1981 மே 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடத்தில், எரிபொருள் அல்லாத எந்தப் பொருளையும் எரிக்க மாநில அரசு தடை விதிக்கலாம் என்று 19-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. மறு ஆண்டு, 1982 பிப்ரவரியில், நம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று வருடா வருடம் நமக்கு வேண்டுகோள் விடுகிறதே, அதே வாரியம்தான்.

1984 டிசம்பரில் போபால் விபத்து நடந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதற்கு நடுவே, 1985 நவம்பர் 14-இல், பழைய அபின் சட்டங்களையும் 1930 சட்டத்தையும் நீக்கிவிட்டு, என்.டி.பி.எஸ். என்று நாம் செய்திகளில் கேட்கும் போதைப்பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாறு வருட இடைவெளியில் வந்த இந்தச் சட்டங்கள் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று பிடித்ததை அழி என்றது. மற்றொன்று காற்றைக் கெடுக்காதே என்றது.

எலி தின்ற கணக்கு

பிடித்தது என்ன ஆயிற்று? வழக்கு முடியும் வரை அது சாட்சிப் பொருள். வழக்கு பத்து வருடம் நடந்தால் பத்து வருடமும் காவல் நிலையத்தில் வழக்குச் சொத்துகள் வைக்கும் அறையில் இருக்கும். இதைச் சரிசெய்ய 1989-இல் 52-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். பட்டியல் எடுத்து, புகைப்படம் எடுத்து, மாதிரி எடுத்து, நீதித்துறை நடுவரிடம் சான்று பெற்றுவிட்டால், தீர்ப்புக்குக் காத்திராமல் சரக்கை அழித்துவிடலாம். ஏன் இந்த அவசரம்? ஆபத்தான பொருள், திருடு போகும், மாற்றிவைப்பார்கள், வைக்க இடமில்லை என்று சட்டமே காரணங்களை அடுக்குகிறது.

சட்டம் வந்தது, வேலை நடக்கவில்லை. மோகன்லால் என்பவர் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் கணக்குக் கேட்டது. 2002 முதல் 2012 வரை பத்தாண்டுகளில் கைப்பற்றியதில் 16 சதவீதத்துக்கு மேல் அழிக்கப்படவில்லை என்று தெரியவந்தது. மீதி இன்னும் அறைகளில் கிடக்கிறதா, களவு போய்ச் சந்தைக்கே திரும்பிவிட்டதா என்ற ஐயத்தை நீதிமன்றமே எழுப்பியது. 2016 ஜனவரி 28-இல் தலைமை நீதிபதி டி.எஸ்.தாக்குரும் நீதிபதி குரியன் ஜோசப்பும் அளித்த தீர்ப்பு, பாதுகாப்பான கிடங்கு, உடனடி மாதிரி, காலக்கெடுவோடு அழிப்பு என்று கண்டிப்பான உத்தரவுகளைப் போட்டது.

வங்கியில் இருப்பில் 100 ரூபாய் குறைந்தாலே வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். இங்கே 84 சதவீதத்துக்குக் கணக்கு இல்லை! 2022-இல் உத்தரப் பிரதேசத்தின் மதுராவில், ஐநூறு கிலோவுக்கும் மேற்பட்ட கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டன என்று போலீசார் நீதிமன்றத்தில் சொன்னார்கள். மறு ஆண்டு நம் சென்னையிலும் ஒரு வழக்கில் இதே பதில் சொல்லப்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் அழிக்க வேண்டியதை வைத்துக்கொண்டே இருந்தால் நடப்பது இதுதான்.

சரி, உடனே எரித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் புகை குறுக்கே வருகிறது.

மருத்துவமனைகள் கற்றுக்கொடுத்த பாடம்

எரிப்பதைப் பற்றிய அறிவு நம் நாட்டில் போதைப்பொருளிலிருந்து வரவில்லை. மருத்துவமனைக் கழிவிலிருந்து வந்தது. 1996 மார்ச்சில், தில்லியின் குப்பை பற்றிய வாதேரா வழக்கில், 50 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் எரியுலையோ அதற்கு ஈடான வேறு ஏற்பாடோ வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1998 ஜூலையில் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் வந்தன. அவற்றில் ஐந்தாவது வகையாக, வேண்டாத மருந்துகளும் புற்றுநோய்க்குத் தரும் நச்சு மருந்துகளும் இடம்பெற்றன.

ஆனால் குடியிருப்புகளுக்கு நடுவே ஆளுக்கொரு உலை வைத்து எரித்தால் என்ன ஆகும்? மாத்திரை அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அலுமினியத் தாள். முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அது பெரும்பாலும் பி.வி.சி. அதில் குளோரின் இருக்கிறது. குறைந்த சூட்டில், அரைகுறையாக எரிந்தால், அந்தக் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி மூச்சுக்குழாயை அரிக்கும். ஒரு சிறு பங்கு டயாக்சின், பியூரான் என்ற நஞ்சுகளாக மாறும். 1976-இல் இத்தாலியின் செவெஸோ ஊரில் ஓர் ஆலை விபத்துக்குப் பிறகு உலகம் அச்சத்தோடு அறிந்துகொண்ட பெயர் டயாக்சின். அதில் மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. அது மண்ணில் தங்கி, புல்லில் ஏறி, பால், முட்டை வழியாக நம்மிடமே திரும்பி வரும். லின் ஸெஷு பயந்த அதே கதைதான். வேறு உருவத்தில் திரும்ப வருகிறது.

இதைக் கட்டுப்படுத்த 2001-இல் ஸ்டாக்ஹோமிலேயே இன்னோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2006 ஜனவரியில் அதில் சேர்ந்தது. 2016 மார்ச் 28-இல் வந்த புதிய உயிர்மருத்துவக் கழிவு விதிகள் உலைக்கான கணக்கை இறுக்கின. முதல் அறையில் 800 டிகிரி அளவுக்குச் சூடு. அங்கே கிளம்பும் புகை நேரே வெளியே போகக்கூடாது. இரண்டாவது அறையில் 1,050 டிகிரி அளவில் 2 விநாடி நின்று எரிய வேண்டும்; 1998-இல் இது 1 விநாடியாக இருந்தது. தூசு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம் என்றிருந்ததை 50 ஆக்கினார்கள். அதுவரை வரம்பே இல்லாதிருந்த டயாக்சினுக்கு, ஒரு கன மீட்டர் புகையில் 0.1 நானோகிராம் என்று வரம்பு வந்தது. அதாவது ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. எரிந்த புகையைச் சட்டென்று குளிரவைத்து, காரநீரில் கழுவி, வடிகட்டி, குறைந்தது 30 மீட்டர் உயரச் சிம்னி வழியாகத்தான் விட வேண்டும். 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையம் இருந்தால் மருத்துவமனை தனக்கென்று உலை வைத்துக்கொள்ளக் கூடாது.

எரிப்பது என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வேறுபாடு பாருங்கள். என் கொல்லைச் சருகுத் தீயில் இரண்டாவது அறை ஏது? சிம்னியின் உயரம் பின்வீட்டு ஜன்னல் உயரம்தான்.

இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு

போதைப்பொருள் சட்டமும் காற்றுச் சட்டமும் கை குலுக்கிக்கொண்டதை 2015 ஜனவரி 16-ஆம் தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையில் தெளிவாகப் பார்க்கலாம். அபின், மார்பின், கோடீன் போன்றவற்றை எரிக்கக் கூடாது. அரசின் அபின் ஆலைக்கு அனுப்ப வேண்டும். காஜிப்பூரில் 1820-இல் கம்பெனி தொடங்கிய அதே ஆலை இன்று வலிநிவாரண மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கிறது. கஞ்சா, ஹெராயின் போன்றவை எரியுலைக்குப் போக வேண்டும். அந்த உலையில் காற்றுமாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் இருக்க வேண்டும். புகை அளவு விதிக்குள் இருக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். அழிப்புக் குழுவின் உறுப்பினர்கள் நேரில் நிற்க வேண்டும். எடை போட்டு, கிடங்குப் பதிவு எண்ணோடு சரிபார்த்து, அழிப்புச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். சாதாரணக் குழு ஒரு தடவைக்கு 1,000 கிலோ கஞ்சா, 5 கிலோ ஹெராயின் வரைதான் அழிக்கலாம். மேலே போனால் உயர்நிலைக் குழு. 2022 டிசம்பரில் வந்த தனி விதிகளும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கின்றன.

ஆக மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. திரும்ப வராது, சாட்சி உண்டு, எங்கே போகிறது என்பதற்கும் அளவு உண்டு. வேகமும் கூடியது. 2023 ஜூலை 17 அன்று ஒரே நாளில் பல நகரங்களில் சேர்த்து 1 லட்சத்து 44 ஆயிரம் கிலோ அழிக்கப்பட்டது.

நம் மாநிலத்தில் இப்படிக் கைப்பற்றிய கஞ்சா எங்கே எரிகிறது தெரியுமா? செங்கல்பட்டு பக்கம் தென்மேல்பாக்கத்தில் உள்ள உயிர்மருத்துவக் கழிவு நிலையத்துக்குப் பல தடவை கொண்டுபோகிறார்கள். மருத்துவமனைகளின் மஞ்சள் பை போகிற இடத்துக்கே கஞ்சா மூட்டையும் போகிறது. தீக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த துறையிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கிழிந்த, அழுக்கான நோட்டுகளை ரிசர்வ் வங்கி ஒரு காலத்தில் உலையில் எரித்தது. இப்போது இயந்திரத்தில் பொடிப்பொடியாக நறுக்கி, அழுத்திக் கட்டியாக்குகிறது. அழிப்பதன் நோக்கம் அதேதான். புகைக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்ததும் வழி மாறிவிட்டது.

மிச்சம் இருப்பது நம் வீடு

குற்றவாளியிடம் பிடித்த பொருளுக்கு வழி கிடைத்தது. மருத்துவமனையில் காலாவதியான மருந்துக்கு மஞ்சள் பை இருக்கிறது. குற்றமும் செய்யாத, மருத்துவமனையும் அல்லாத நம் வீட்டு மருந்துக்கு?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2005-இல் சிறு எரியுலைகளுக்குக் காற்று விதி வந்தபோது, போலீஸ், சுங்கத் துறை போன்ற அரசு அமைப்புகள் தடைசெய்யப்பட்ட பொருள்களை மட்டும் எரிக்கும் உலைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிறகு, 2010 செப்டம்பரிலிருந்து, மக்களிடம் மிஞ்சிய மருந்துகளைத் திரும்ப வாங்கும் நாள் என்று நாடு முழுவதும் நடத்தத் தொடங்கினார்கள். அப்படிச் சேர்ந்தவை மருத்துவர் எழுதிக்கொடுத்த சட்டபூர்வமான மருந்துகள்; தடைசெய்யப்பட்ட பொருள் என்ற விலக்கு அவற்றுக்குப் பொருந்தவில்லை. 2019-இல் வந்த விதி, அப்படித் திரும்ப வாங்கும் மருந்துகளை அனுமதி பெற்ற உலைகளில்தான் எரிக்க வேண்டும் என்றது.

நம் நாட்டில் 2016 திடக்கழிவு விதிகள், காலாவதியான மருந்தை "வீட்டு அபாயகரக் கழிவு" என்று பெயர் சொல்லியே சேர்த்தன. பெயிண்ட் டப்பா, டியூப் லைட், பூச்சிமருந்து டப்பா, ஊசி இவற்றோடு. இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் உள்ளாட்சி அமைப்பு இதற்கென்று சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்றன. குப்பையை யாரும் தெருவிலோ வெளியிலோ எரிக்கக் கூடாது என்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் விதித்தது. அந்தக் கணக்குப்படி நான் 5,000 ரூபாய் கட்ட வேண்டியவன்.

2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மிஞ்சிய மருந்தைத் திரும்பப் பெற மையங்கள் வேண்டும் என்கிறது. அதோடு 17 மருந்துகளைத் தனியாகப் பட்டியலிட்டு, இவற்றை மட்டும் வீட்டில் வைத்திருக்காமல் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள் என்கிறது. பென்டனில், டிரமடால், டேபென்டடால், டயஸபாம் போன்றவை. வலிக்கும் பதற்றத்துக்கும் தருபவை. தண்ணீர் கெடுமே என்றால், கெடும்தான். ஆனால் ஒரு குழந்தை தவறி விழுங்கினால் ஒரே மாத்திரைகூட உயிரை எடுத்துவிடக்கூடும்; அந்த நஷ்டம் பெரிது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மற்ற மருந்துகளுக்கு இது பொருந்தாது. ஆண்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கொட்டினால், அந்த மருந்துக்கே அடங்காத கிருமிகள் பெருக இடம் கொடுப்போம்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெயர் என் தாயாரின் டின்னிலும் இருந்தது. செய்தித்தாள் படத்தில் இருப்பதற்கும் என் வீட்டு அலமாரியில் இருந்ததற்கும் நான் நினைத்த அளவு தூரம் இல்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2025 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. மிஞ்சிய மருந்தைப் பெட்டி வைத்து வாங்கி, முறையான உலைக்கு அனுப்புகிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக்கூடியது

நம் சங்க அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்கலாமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். எனக்குத் தயக்கம். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் வைத்தால், அது நம் சங்கத்தின் எலி அறையாகிவிடும். முதலில் போகும் இடம் தெரிய வேண்டும். பிறகுதான் சேர்க்க வேண்டும். ஆகவே மூன்று யோசனைகள்.

ஒன்று: நம் பகுதிக்கான வீட்டு அபாயகரக் கழிவு மையம் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் எப்போது வரும் என்று கேட்டுச் சங்கத்தின் பெயரில் உள்ளாட்சி அமைப்புக்கு மனு கொடுப்போம். நகலை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அனுப்புவோம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவின் வரைவை நான் எழுதித் தருகிறேன்.

இரண்டு: அதுவரை மிஞ்சிய மருந்தை அட்டையோடு ஒரு தனி உறையில் போட்டு, மேலே "காலாவதி மருந்து" என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தூய்மைப் பணியாளரிடம் தருவதானால் கையில் தனியாகக் கொடுத்துச் சொல்லிக் கொடுங்கள். மற்ற குப்பையோடு கலக்காதீர்கள். எந்தக் காரணம் கொண்டும் கொளுத்தாதீர்கள், போகிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று: மிஞ்சாமல் பார்ப்பதே நல்லது. டாக்டர் மருந்தை மாற்றக்கூடும் என்று தெரிந்தால் ஒரு மாதத்துக்கு வாங்காமல் பத்து நாளைக்கு வாங்குங்கள். பிரிக்காத அட்டையை, பில் இருந்தால், கடைக்காரர் திரும்ப எடுப்பதும் உண்டு.

இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் பற்று வைத்தால் மறுபக்கம் வரவு வைத்தே ஆகவேண்டும். என் அலமாரியிலிருந்து போனது எங்கோ ஓரிடத்தில் வந்து சேர்ந்துதான் இருக்கிறது. அன்று அது பின்வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மன்னிப்பும் கேட்டேன். காப்பி கொடுத்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவர் கணவருடைய மருந்துகள்; நான்கு வருடமாக அப்படியே இருக்கின்றனவாம். "இதை என்ன சார் பண்றது?" என்றார்.

நம் நகரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இந்த மனுவைத் தீர்மானமாக வைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். தவறாமல் வாருங்கள். வரும் முன் உங்கள் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.